எதுவும் முளைக்காத தட்டு

போன வாரம் பிரேக் மாஸ்டரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு வந்தோம். அதற்குள் மனிதர் வார்டு முழுவதும் பகை சம்பாதித்துவிட்டார். நோயாளியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற ஆளைப் பார்த்து, "திரும்பறதுக்கு முன்னாடி ஹாரன் அடிக்க மாட்டியா?" என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதிலிருந்து காலை எடுக்கவே மாட்டார். அதனால் வந்த பெயர். வீட்டிலும் அதே கால்தான். மகள் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் ஒரு மிதி, மகன் வெளியே கிளம்பினால் ஒரு மிதி.

அவருக்குக் கண் மஞ்சளானது. காமாலை என்று நினைத்துக் காட்டப் போனால், கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. அது பித்தம் இறங்கும் வழியை நெரித்துக்கொண்டிருந்ததால் ஒரு சின்னக் குழாய் வைத்து வழி திறந்தார்கள். குழாய் வைத்ததும் காய்ச்சல். காய்ச்சலுக்கு ஒரு ஆன்டிபயாடிக், அது கேட்காமல் இன்னொன்று. எப்படியோ மஞ்சள் இறங்கியது. கட்டி இன்னும் பக்கத்திலிருக்கும் பெரிய ரத்தக்குழாயைத் தொடவில்லை. தொடுவதற்குள் வெட்டி எடுத்துவிட்டால் பிழைக்க வழி உண்டு. நாளைக் காலை ஆபரேஷன் என்று நாள் குறித்தாகிவிட்டது.

இன்று காலை அவருடைய மகள் அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், கிருமிகளைப் பரிசோதிக்கும் லேபில், கையுறையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

அது அவளுடைய வேலை. வருஷக்கணக்காகப் பார்க்கிற வேலை. சளி, சீழ், மலம், மூத்திரம் என்று ஊரார் உடம்பிலிருந்து வருவதையெல்லாம் வட்டத் தட்டுகளில் கோடாக இழுத்து, சூட்டுப் பெட்டிக்குள் வைத்து, மறுநாள் என்ன முளைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்பா இதை வெளியே சொல்வதில்லை. "பொண்ணு ஆஸ்பத்திரியில ஆபீஸ் வேலையில இருக்கா" என்பார். சாப்பாட்டு மேஜையில் அவள் தன் வேலையைப் பற்றி வாயைத் திறந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

நேற்று அவருக்கு ஒரு பரிசோதனை செய்தார்கள். ஆசனவாய்க்குள் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுத் திருப்பி எடுத்து, ஒரு குழாயில் போட்டு லேபுக்கு அனுப்புவார்கள். எதற்கு? கணையத்தில் கத்தி வைத்தால் குடலையும் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். குடலில் குடியிருக்கும் கிருமி வயிற்றுக்குள் இறங்கப் பார்க்கும். அதைத் தடுக்க வெட்டுவதற்கு முன்பே ஒரு ஆன்டிபயாடிக் ஊசி போடுவார்கள். ஆனால் சிலர் குடலில் சாதாரண மருந்துக்கெல்லாம் மசியாத கிருமி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அவர்களுக்கு வழக்கமான ஊசியைப் போடுவதும் பச்சைத் தண்ணீரைப் போடுவதும் ஒன்றுதான். முன்கூட்டியே தெரிந்தால் ஊசியை மாற்றலாம். தெரியாவிட்டால் ஆபரேஷன் நன்றாக முடிந்து, ஆள் சீழ் வைத்துச் சாவார்.

சொந்த அப்பாவின் குச்சி என்பதால் தான் தொடாமல் கூட வேலை செய்கிறவளிடம் கொடுத்துவிட்டாள். இன்று காலை பார்க்காமல் இருக்க முடியவில்லை. பெட்டியைத் திறந்தாள்.

ஒருவருக்கு மூன்று தட்டு. ஒன்றில் வழக்கமான மருந்து கலந்திருக்கும். இன்னொன்றில் கடைசியாக எடுக்கும் பலமான மருந்து. மருந்து கலந்த தட்டில் ஏதாவது முளைத்தால், அந்த மருந்தை மதிக்காத கிருமி இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் தட்டு சுத்தம். இரண்டாவதும் சுத்தம்.

"அப்பாடா!" என்று வாய்விட்டுச் சொன்னாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

லேப் டாக்டர் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். "உங்க அப்பாவோடதா? ஒண்ணும் இல்லையே? குடு, கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிடறேன். சர்ஜன் காலையிலேயே ரெண்டு தடவை கேட்டுட்டார்."

அவள் மூன்றாவது தட்டையும் எடுத்தாள். அதில் எந்த மருந்தும் கிடையாது. குச்சியில் எது இருந்தாலும் அதில் முளைக்கும். மனிதக் குடலிலிருந்து வந்த குச்சியென்றால் அந்தத் தட்டில் விரல் வைக்க இடமில்லாமல் மண்டிக் கிடக்கும். எத்தனை ஆன்டிபயாடிக் சாப்பிட்டவராக இருந்தாலும் ஏதாவது முளைக்கும்.

அதுவும் சுத்தமாக இருந்தது. கடையிலிருந்து வாங்கிவந்த மாதிரியே இருந்தது.

மேடம் கையிலிருந்த பேனாவை மூடினார். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இந்தக் குச்சி போக வேண்டிய இடத்துக்குப் போகவே இல்ல."

"நேத்து வாங்கினவங்க கவனிச்சிருக்கணும் மேடம். பஞ்சு வெள்ளையா இருந்திருக்கும்."

"கவனிச்சிருக்கணும். கவனிக்கல. அவங்களை நான் அப்புறம் பார்த்துக்கறேன். யார் எடுத்தது இதை?"

அவளுக்குப் பதில் உடனே தெரிந்துவிட்டது. வெட்கப்படுகிற நோயாளி என்றால் நர்ஸ் குச்சியை அவர் கையிலேயே கொடுத்து, பாத்ரூமுக்குள் போய் எடுத்துவரச் சொல்வாள். அப்பா உள்ளே போயிருப்பார். கதவைத் தாழ் போட்டிருப்பார். உறையைப் பிரித்துக் குச்சியை அப்படியே குழாயில் போட்டுக்கொண்டு, எல்லாம் முடிந்த மாதிரி விறைப்பாக வெளியே வந்திருப்பார்.

கைப்பேசி அடித்தது. தம்பி.

"அக்கா, ரிப்போர்ட் வந்துச்சா? நல்லபடியா இருக்குல்ல? இங்க அப்பாவுக்கு வயித்தைச் சுத்தம் பண்ண மருந்து குடுக்கப் போறாங்க."

"இருடா, கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள். பிறகு, தன் குரல் தனக்கே பிடிக்காமல், மேடத்திடம் கேட்டாள்.

"இல்லைன்னே போட்டு அனுப்பிட்டா என்ன ஆகும் மேடம்? தட்டுல ஒண்ணும் முளைக்கல, அது உண்மைதானே?"

மேடம் அவளைத் திட்டவில்லை. தட்டை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"நான் சர்ஜன்கிட்ட பேசறேன். நீ மேல போய் உங்க அப்பாகிட்ட கேளு."

மேலே வார்டில் அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கை சும்மா இருக்காதே என்று தனக்கே உரித்துக்கொண்டிருந்தாள். தம்பி கால்மாட்டில் நின்றான். கப்பலில் என்ஜின் பார்க்கிறவன். லீவு போட்டு ஓடிவந்தவன்.

"என்னக்கா, போனை வச்சுட்டே?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. கட்டிலருகே போனாள்.

"அப்பா, நேத்து அந்தக் குச்சியை என்ன பண்ணினீங்க?"

"என்ன பண்ணுவாங்க? சொன்னதைச் செஞ்சேன்."

"செஞ்சீங்களா?"

"செஞ்சேன்னு சொல்றேன்ல. போலீஸ் மாதிரி விசாரிக்கற?"

"குச்சியில ஒண்ணுமே இல்லப்பா. நீங்க அதை உடம்புல வைக்கவே இல்ல. பொய் சொல்லாதீங்க."

பக்கத்துக் கட்டில்காரர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். பிரேக் மாஸ்டரின் முகம் சுருங்கியது. திரையை இழுத்து மூடச் சொல்லி மகனுக்குச் சைகை காட்டினார். மூடிய பிறகும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"அது உன்கிட்ட வரும்னு எனக்குத் தெரியாதா?"

"வந்தா என்னப்பா?"

"என்னவா? பெத்த பொண்ணு கையில அதைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்றியா? எனக்கு மானம் ரோஷம் இல்லையா?"

"எங்களுக்கு அது வெறும் குச்சிதான். பேரைக்கூடப் பார்க்க மாட்டோம். நம்பர்தான் இருக்கும்."

"என் நம்பர் எதுன்னு நீ பார்க்கலையா?"

அவள் பார்த்திருந்தாள்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஆரஞ்சுத் தோலை மடியிலிருந்து உதறிவிட்டு எழுந்தாள். "ஏங்க, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? நாளைக்கு வயித்தைக் கிழிக்கப் போறாங்க. உள்ள இருக்கற குடலு, ஈரலு எல்லாத்தையும் நாலு பேர் பார்க்கப் போறாங்க. அதுக்கு இல்லாத வெட்கம் இதுக்கு வந்துடுச்சா?"

"அவங்க யாரோ. இவ என் பொண்ணு."

"உங்க பொண்ணு சம்பளம் வாங்கறதே இதுக்குத்தான்! ஊர்ல எல்லார்கிட்டயும் ஆபீஸ்ல இருக்கா, ஆபீஸ்ல இருக்கான்னு கதை விட்டீங்க. இப்ப பாருங்க, அந்தக் கதை உங்க உசிருக்கே வந்து நிக்குது."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். இத்தனை வருஷம் தன்னை அருவருத்துக்கொண்டிருந்த மனிதர்மேல் மகளுக்கு வந்த கோபம், அவர் முதுகெலும்பு சட்டைக்குள் துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அழுகையாக மாறிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தம்பி பின்னாலேயே வந்தான்.

"அக்கா, நில்லு. இப்ப என்ன சொல்ல வர? ஆபரேஷன் கிடையாதா?"

"இன்னொரு தடவை எடுக்கணும்டா. ராத்திரி முழுக்க முளைக்க விட்டுத்தான் பார்க்க முடியும்."

"நாளைக்குக் காலையில தியேட்டர் போட்டிருக்கு! நீ ஏன் வாயைத் திறந்தே? தட்டு சுத்தமா இருந்துச்சுன்னு விட்டுத் தொலைச்சிருக்கலாம்ல? அந்தக் கட்டி உன் பரிசோதனைக்காக ஓரமா உட்கார்ந்துட்டு இருக்குமா? ரத்தக்குழாயைத் தொட்டுடுச்சுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?"

"வயித்துக்குள்ள சீழ் வச்சா நீ பதில் சொல்லுவியாடா?"

"சீழ் வைக்கலாம், வைக்காமலும் போகலாம். கட்டி வளரப் போறது நிச்சயம்தானே!"

அவன் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அவளைக் குத்தியது.

சர்ஜன் படியேறி வந்தார். வளர்த்துப் பேசாத மனிதர். பிரேக் மாஸ்டர் அவருக்குக் கத்திக்காரர் என்று பேர் வைத்திருந்தார். நடைபாதையிலேயே நின்று பேசினார்.

"மேடம் சொன்னாங்க. நாளைக்கு உங்க அப்பாவை ஆபரேஷனுக்கு எடுக்க மாட்டேன்."

தம்பி குறுக்கே வந்தான். "சார், இருக்கறதுலயே பலமான மருந்தைப் போட்டு ஆரம்பிச்சுடலாமே சார். எதுக்கு இந்தத் தட்டு, குச்சி எல்லாம்?"

"போடலாம். இவர் குழாய் வச்ச பிறகு ரெண்டு ஆன்டிபயாடிக் பார்த்துட்டார். இவர் மாதிரி ஆளுங்க குடல்லதான் அந்தக் கிருமி குடிவரும். பலமான மருந்தையும் மதிக்காத ஜாதியா இருந்தா? நான் கண்ணைக் கட்டிக்கிட்டு வெட்டின மாதிரி ஆயிடும். போன வருஷம் ஒருத்தரை அப்படி இழந்தேன். ஆபரேஷன் அவ்வளவு அழகா பண்ணினேன். இன்னிக்கே குச்சி எடுங்க. முதல் தட்டுல மட்டும் முளைச்சா, ஊசியை மாத்திட்டு வாரக் கடைசியில எடுத்துடறேன். அதுக்கப்புறம் தியேட்டரை மராமத்துக்கு மூடறாங்க."

"ரெண்டாவது தட்டுலயும் முளைச்சா?" மகள்தான் கேட்டாள்.

"அப்ப இந்த வாரம் கத்தி எடுக்க மாட்டேன். எந்த மருந்துக்கு அது அடங்கும்னு முதல்ல தேடணும். தேடறதுக்குள்ள கட்டி என்ன பண்ணும்னு என்னைக் கேட்காதீங்க."

தம்பி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மத்தியானம் நர்ஸ் வந்து திரையை இழுத்தாள். இந்தத் தடவை குச்சியை அவர் கையில் கொடுக்கவில்லை. "ஒருக்களிச்சுப் படுங்க சார். மூச்சை விடுங்க." முடிய அதிக நேரம் ஆகவில்லை. வெளியே நின்ற மகளுக்கு உள்ளிருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஒரு அதட்டலாவது வரும் என்று நினைத்திருந்தாள்.

திரை விலகியபோது அவர் உட்கார்ந்திருந்தார். குழாயை நர்ஸிடமிருந்து கேட்டு வாங்கித் தன் கையில் வைத்திருந்தார். மகளைப் பார்த்து நீட்டினார்.

"இந்தா பாப்பா."

அவள் வாங்கிக்கொண்டாள்.

"வேற யார்கிட்டயும் கொடுக்காதே. நீயே பாரு. என்ன வந்தாலும் முதல்ல என்கிட்டதான் சொல்லணும். கத்திக்காரர்கிட்ட இல்ல, உங்கம்மாகிட்ட இல்ல. பூசி மெழுகாம சொல்லணும்."

"சொல்றேன்பா."

பக்கத்துக் கட்டில்காரர் செய்தித்தாளை இறக்கி எட்டிப் பார்த்தார். பிரேக் மாஸ்டர் அவரிடம் திரும்பினார்.

"என் பொண்ணு. இங்கதான் லேப்ல இருக்கா. கிருமி பார்க்கறா." கொஞ்சம் யோசித்து, "மலத்துல" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. மகள் குழாயை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போய்விட்டாள். மேடத்திடம் அனுமதி கேட்டு, அவர் பக்கத்தில் நிற்க, மூன்று தட்டிலும் தானே கோடு இழுத்தாள். கோடு பிசகவில்லை. அது வேலை பழகிய கை.

மறுநாள் காலை தியேட்டர் வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே இருந்தது வேறு ஒருவர். அந்த வீட்டுப் பெண்கள் வெளியே பெஞ்சில் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்க்காமல் தாண்டி மகள் லேபுக்கு இறங்கினாள். மேடம் இன்னும் வரவில்லை. சூட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

மருந்து இல்லாத தட்டு மண்டிக் கிடந்தது. இந்தத் தடவை குச்சி சரியான இடத்துக்குப் போயிருக்கிறது.

முதல் மருந்துத் தட்டை எடுத்தாள். கிருமி ரோஜா நிறத்தில் தட்டு முழுவதும் அப்பியிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் அப்பா அந்தச் சிவப்பு விளக்குக்குப் பின்னால் வயிறு திறந்து கிடந்திருப்பார். போட்ட ஊசியைப் பார்த்து இவையெல்லாம் சிரித்திருக்கும்.

பரவாயில்லை. இதற்கு ஊசியை மாற்றலாம். சர்ஜன் சொன்னாரே.

இரண்டாவது மருந்துத் தட்டை உடனே எடுக்கவில்லை. கையுறையைக் கழற்றி வேறொன்று மாட்டிக்கொண்டாள். அதற்கு அவசியமே இல்லை.

எடுத்தாள். தட்டு சுத்தமாக இருந்தது. விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தபோது ஒரே ஒரு புள்ளி தெரிந்தது. கடுகைவிடச் சிறியது.

கோடு இழுத்த இடத்துக்கு வெளியே ஒரு புள்ளி முளைத்திருந்தால், மூடியைத் திறக்கும்போது காற்றில் வந்து விழுந்தது என்று தள்ளிவிடலாம். எத்தனையோ முறை தள்ளியிருக்கிறாள். கோட்டின்மேல் முளைத்திருந்தால் அது நோயாளியுடையது.

தட்டைத் திருப்பி, அடிப்பக்கம் வழியாகப் பார்த்தாள். கோட்டின்மேல் இருந்தது. வெறும் கண்ணாலும் பார்த்தாள், பூதக்கண்ணாடியை வைத்தும் பார்த்தாள். ஒரு மயிரிழைகூட விலகாமல் கோட்டின்மேலேயே இருந்தது.

கைப்பேசி அடித்தது. தம்பியின் எண். பேசியது அப்பா.

"முளைச்சிருக்கா பாப்பா?"

"முளைச்சிருக்குப்பா. முதல் தட்டு நிறைய."

"அது ஊசியை மாத்தினா அடங்கிடும். அடுத்தது?"

அந்தப் பக்கம் தம்பி மூச்சு விடுவதுகூடக் கேட்டது. காத்துல விழுந்த தூசுப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாரக் கடைசியில் ஆபரேஷன். அம்மா முகம் மலரும். நேற்றிலிருந்து முகம் கொடுக்காத தம்பி அவளோடு மறுபடி பேசுவான்.

"அடுத்ததுல ஒரு புள்ளிப்பா."

"ஒண்ணுதானே?"

"ஒண்ணு போதும்பா. அது உங்களோடதுதான். மேடம் வந்து உறுதி பண்ணணும். ஆனா எனக்குத் தெரியும்."

பின்னணியில் அம்மா, "என்ன சொல்றா? என்னங்க சொல்றா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மகள் கண்ணை மூடிக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்தாள்.

"சரி" என்றார் அவர். "இப்ப நான் என்ன பண்ணணும்? நீ சொல்லு, அப்படியே பண்றேன்."

பின்னால் கதவு திறந்தது. மேடத்தோடு சர்ஜனும் வந்திருந்தார். சர்ஜன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டுக்காகக் கையை நீட்டினார்.

போனை வைக்காமலே தட்டை அவரிடம் கொடுத்தாள். அந்தப் பக்கம் அப்பா காத்துக்கொண்டிருந்தார்.